கொட்டகை பல்பு

பினாங்கில் இருக்கும் மச்சானுக்கு ஸலாம்.

உங்கள் மூன்றாவது கடிதமும் வந்தது. இதிலும் கோழிகளின் எடையைத்தான் கேட்டிருக்கிறீர்கள். மருந்துக்குக்கூட வேறு பேச்சில்லை.

வீட்டுக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கோழிக் கொட்டகைக்கு மட்டும் கரண்ட் இழுத்துவிட்டுப் போனீர்கள். விடிய விடிய பல்பு எரிந்தால் தின்றுகொண்டே இருக்கும், சீக்கிரம் கொழுக்கும் என்றீர்கள். அப்படியே எரித்தேன். தூக்கமில்லாமல் வெறிபிடித்து ஒன்றையொன்று கொத்தி இருபது கோழி செத்தன.

அறந்தாங்கியிலிருந்து வந்த மாட்டு டாக்டர், "கோழிக்கும் தூக்கம் வேணும்மா. ராத்திரியில அணைச்சுப் போடுங்க, கரண்டாவது மிஞ்சும்" என்று சத்தம் போட்டார். அணைத்தேன். இப்போது தூங்கி எழுந்து ஒழுங்காகத் தின்கின்றன.

வயர்மேனைக் கூப்பிட்டு அந்த பல்பை வீட்டுக்குள் மாட்டிவிட்டேன். நீங்கள் கோபித்தாலும் கழற்ற மாட்டேன்.

எடைதானே கேட்டீர்கள்? கோழி ஒவ்வொன்றும் மூன்று ராத்தல் இருக்கிறது.

நமக்குப் பெண் பிறந்திருக்கிறாள் என்று நான் எழுதி மூன்று மாதமாகிறது. அவளையும் துணியில் கட்டி அதே தராசில் நிறுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு ராத்தல். பல்பைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

இப்படிக்கு,
அவளுடைய உம்மா