மறுபூச்சு என்றால் பாதி விலை

மார்ச் 11, திங்கள்

காலையிலிருந்து மழை. கார் கண்ணாடித் துடைப்பான் மறுபடி கீச்சிடத் தொடங்கிவிட்டது.

ஏலக்கூட முதலாளி மெர்ல் என் மேசைமேல் ஒரு செருப்புப் பெட்டியை வைத்தார். உள்ளே பழைய துண்டில் சுற்றிய ராணுவக் கைத்துப்பாக்கி. 1943இல் செய்தது.

"ஏப்ரல் ஏலத்துல இதுதான் மாப்பிள்ளை. யாரோடதுன்னு சொன்னா பெட்டியத் தூக்கி என் தலையிலயே போட்டுடுவ."

"ட்வைட்டோடதா?"

"அவன் மாமா கொரியாவுல இருந்து கொண்டுவந்தது. போன வருஷம் அவர் செத்ததும் இவன் கைக்கு வந்துச்சு. செஞ்சப்போ போட்ட முதல் பூச்சு, யாரும் தொட்டதே இல்லங்கறான். மூவாயிரத்து ஐநூறு டாலருக்குக் குறைச்சு எழுதக் கூடாதாம்."

விலைப்பட்டியல் எழுதுவது என் வேலை. பதினோரு வருடமாக இந்தக் கூடத்தில் நான் எழுதியதை யாரும் மறுத்ததில்லை.

"வாங்கறவங்க வந்து பாக்கற பார்வை நாளன்னிக்கு வழக்கம்போல பொருளுக்குச் சொந்தக்காரன் மேசைக்குப் பின்னால நிக்கணும். அவனும் நிப்பான். உனக்குப் பரவால்லயா கொரீன்?"

பரவாயில்லை என்றேன்.

மார்ச் 12

எனக்கும் ட்வைட்டுக்கும் விவாகரத்தாகி ஆறு வருடம். பெட்டி மூடியில் அவன் கையெழுத்து. மூடியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மார்ச் 13

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நெஞ்சிலேயே ஊறிக்கொண்டிருக்கும்.

போன அக்டோபர், மாவட்டத் திடலில் துப்பாக்கிச் சந்தை. தலைக்குச் சாயம் போட்டு, சிவப்புக் கம்பளிச் சட்டை அணிந்து போயிருந்தேன். சில்லி என்கிற பயறும் கறியும் போட்ட குழம்பு வாங்கும் வரிசையில் நின்றேன். பின்னால் ட்வைட், கூட நாலு பேர்.

"அதோ பாருங்கடா, கொரீன். மறுபூச்சு போட்டு வந்திருக்கா. மறுபூச்சுன்னா பாதி விலைக்கு மேல குடுத்துடாதீங்க!"

சிரித்தார்கள். ஒருவன் தாடியில் பயறு ஒட்டியிருந்தது, அதுகூட நினைவிருக்கிறது. எங்கள் தொழிலில் இதைவிடக் கேவலமான சொல் இல்லை. பழைய பொருளைத் தேய்த்துப் புதுப் பூச்சு ஏற்றினால் அதன் வரலாறே போய்விட்டது என்று பொருள். தன்னோடு பதினேழு வருடம் வாழ்ந்தவளைப் பற்றிச் சொல்கிறான். கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

அதன்பிறகு சாயம் தொடவில்லை. இரண்டு விரற்கடைக்குமேல் நரை இறங்கிவிட்டது.

மார்ச் 14, வியாழன்

கடவுளுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். இரும்பில் பொறித்த எழுத்துகளின் விளிம்பு கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருக்கிறது. மேற்பகுதியில் ஒரு கீறல். கீறல் பூச்சின்மேல் இல்லை, பூச்சுக்கு அடியில் இருக்கிறது! அடிபட்ட பிறகு யாரோ தேய்த்துச் சாம்பல் பூச்சு ஏற்றியிருக்கிறார்கள்.

"மறுபூச்சு!" வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"என்னம்மா?" என்றார் மெர்ல்.

"ஒண்ணுமில்ல. தும்மல்."

எழுதினேன்: மறுபூச்சு. மதிப்பு தொள்ளாயிரம். பாதி விலைகூட இல்லை, ட்வைட். கால்பங்கு. இதில் பொய் ஒரு சொட்டும் இல்லை என்பதுதான் தேன்.

மார்ச் 15

மெர்ல் சொல்லியிருப்பார் போல. தொலைபேசியில் அவன்.

"உன் கண்ணுல என்ன, மண்ணா? வன்மம் வச்சு எழுதறியா?"

"மேல ஒரு கீறல் இருக்கு. வந்து விரல் வச்சுப் பாரு, தடுக்காது. பூச்சு அதுமேல ஏறியிருக்கு."

அவன் ஏதோ இழுப்பறையைத் திறந்து திறந்து அறைந்தான். எனக்குப் பிடித்த பாட்டைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மெர்லுக்குத்தான் கவலை. "நீ எழுதினது சரியாவே இருக்கட்டும். ஊரு பழிவாங்கறான்னுதானே பேசும்? உன் சொல்லுக்குத்தாம்மா இந்தக் கூடத்துக்கு ஆள் வருது."

"பேசட்டும்."

மார்ச் 18, திங்கள்

பட்டியலுக்குப் படம் எடுக்க ஜன்னலோரம் வைத்தேன். சாய்ந்த வெயிலில், விசைக் காப்பு வளையத்துக்கு மேலே ஏதோ நிழல். பல் குச்சியால் பழைய எண்ணெய் அழுக்கைச் சுரண்டினேன்.

இரண்டு எழுத்துகள். மிக மெல்லிய முத்திரை. ராணுவப் பட்டறையின் குறி.

அப்படியானால் இது கொட்டகையில் எவனோ செய்த வேலை இல்லை. ராணுவமே திரும்ப வாங்கி, தேய்ந்த பாகங்களை மாற்றி, புதிதாகப் பூசி, மறுபடி போருக்கு அனுப்பியது. இதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமாக இரண்டாயிரத்து நானூறு.

வியாழனன்று ஏன் பார்க்கவில்லை? வேண்டிய சொல் கிடைத்ததும் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். இதே தவறுக்காக எத்தனை பேரைக் கேலி செய்திருக்கிறேன்.

வேறு யாருக்கும் தெரியாது. அவனுக்குமே தெரியாது.

அழுக்கு இன்னும் குச்சியில் இருந்தது. திரும்பத் தடவி மூடிவிட்டேன்.

மார்ச் 19

தொள்ளாயிரம்தான். பட்டியல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

மார்ச் 21, வியாழன்

நான் மனம் இளகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். (யார் படிக்கப்போகிறார்கள் இதை?)

தொள்ளாயிரம் என்று மூன்று நாளாகச் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல அவன் குரல்தான் கேட்டது. மறுபூச்சு என்றால் பாதி விலை. யார் பூசினார்கள், எதற்குப் பூசினார்கள் என்று கேட்கவே வேண்டாம். அது அவன் சட்டம். அதை நானே, என் கையெழுத்தில், அச்சில் ஏற்றப்போகிறேனா? சில்லி வரிசையில் அவனோடு சேர்ந்து நானும் சிரிப்பதற்குச் சமம்.

அழுக்கை மறுபடி எடுத்தேன். இந்த முறை துடைத்து எறிந்துவிட்டேன்.

புதிதாக எழுதினேன்: "மறுபூச்சு. ராணுவப் பட்டறையில் செய்தது, முத்திரை தெளிவு. மதிப்பு இரண்டாயிரத்து நானூறு." முதல் சொல்லைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.

பிறகுதான் பார்வை நாள் ஞாபகம் வந்தது. அவன் மேசைக்குப் பின்னால் நிற்க வேண்டுமே! காரில் தனியாகச் சிரித்தேன், ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டி.

ஏப்ரல் 6, சனி

பார்வை நாள். ட்வைட் டை கட்டிக்கொண்டு நின்றான். இரண்டு மேசை தள்ளி நான், காப்பியும் டோனட்டுமாக.

கென்டக்கியிலிருந்து வந்த ஒருவர் பட்டியலை விரலால் குத்தினார். "மறுபூச்சுன்னு போட்டிருக்கே. பாதி விலைதானே?"

"யாரு சொன்னது?" என்றான் ட்வைட். "மறுபூச்சுன்னாலே பாதி விலைங்கறவன் மடையன். இதுக்கு இன்னும் வேலை இருக்குன்னு தெரிஞ்சுதானே திரும்பப் பூசினாங்க? இதோட மதிப்பே அதுலதான் சார் இருக்கு."

மதியத்துக்குள் பதினோரு பேரிடம் சொன்னான். ஐந்தாவது ஆளிடம் சொல்லும்போது என்னைப் பார்த்துவிட்டான். வாக்கியம் பாதியில் நின்றது. கழுத்திலிருந்து காதுவரை சிவப்பு ஏறியது. அன்று சிரித்த தாடிக்காரன் பக்கத்தில்தான் நின்றான்.

"சத்தமா சொல்லு ட்வைட்," என்றேன். "பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல."

சொன்னான். விற்க வேண்டுமே, வேறு வழி?

மாலை ஏலத்தில் இரண்டாயிரத்து ஐநூறுக்குப் போயிற்று.

ஏப்ரல் 7, ஞாயிறு

மருந்துக்கடைக்குப் போய்த் தலைச்சாயம் வாங்கினேன். அடர் பழுப்பு. பாதி விலைச் சீட்டு ஒன்று கைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை.