அடுப்படி வாளி

திங்கட்கிழமை

அன்புத் தங்கச்சிக்கு, அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். நீ போனை எடுப்பதில்லை, அதனால் பேனாவை எடுத்தேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஐந்தாம் வகுப்பில் வாத்தியாரே என்னிடம்தான் சந்தேகம் கேட்பார்.

எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்து உன் கை வெந்துவிட்டதாக நம் தம்பி சொன்னான். வழுக்கி அடுப்பில் சாய்ந்தாயாமே, பார்த்து நடக்கக் கூடாதா? நல்லவேளை, நான் அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போன தண்ணீர் வாளி இருந்தது. இல்லாவிட்டால் வீடே சாம்பல். நம் சொந்தத்தில் எல்லா அடுப்படிக்கும் வாளி வைத்தவன் நான். தீயணைப்பு நிலையத்தில் அதிகாரியே என்னைக் கேட்காமல் வண்டியை எடுக்கமாட்டார், தெரியுமல்லவா? புண்ணில் பற்பசை தடவு. குளுகுளுவென்று இருக்கும்.

உன் பதிலுக்கு வழி பார்க்கும்
அண்ணன்

வியாழக்கிழமை

அண்ணா,

இடது கையால் எழுதுகிறேன், கோணலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வழுக்கவில்லை. வீட்டில் கேட்டவர்களிடம் அப்படிச் சொல்லிவைத்தேன். எண்ணெயைக் காயவிட்டு வாசலுக்குப் போனது என் தப்பு. திரும்பி வந்தால் சட்டியில் தீ. மூடி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் காதில் கேட்டது உங்கள் குரல்: "யோசிக்காத, தண்ணிய ஊத்து." ஊற்றினேன். தீ குப்பென்று மேலே எழும்பி, எண்ணெய் என் மேல் தெறித்தது.

பற்பசையும் நீங்கள் முன்பே சொல்லிவைத்த பேச்சைக் கேட்டு அன்றைக்கே தடவியாயிற்று. நர்ஸ் அதைச் சுரண்டி எடுத்தபோது உயிர் போய் வந்தது. குழாயைத் திறந்து கையைக் காட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டுமாம். எண்ணெய்த் தீக்கு அடுப்பை நிறுத்தி, மூடி போட்டுவிட வேண்டுமாம். தண்ணீர் ஆகவே ஆகாதாம்.

அந்தத் தீயணைப்பு நிலையத்தில் நீங்கள் சுவருக்கு வண்ணம்தான் அடித்தீர்கள். தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. நீங்கள் கதை அளந்தால் கேட்க நன்றாக இருக்கும்.

மற்ற வீடுகளில் வாளி இன்னும் இருக்கிறது. தம்பி வீட்டில் குழந்தை தவழ்கிறது. போய் எடுத்துவிடுங்கள். ஏன் எடுக்கிறீர்கள் என்று சொல்லி எடுங்கள். அதுவரை என்னிடம் பேச வேண்டாம்.

தங்கச்சி

ஞாயிற்றுக்கிழமை

தங்கச்சி,

முதலில் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். இதைவிட உசத்தியான வாளி வரப்போகிறது என்று அளந்துவிட்டு, இருந்ததை எடுத்துக்கொண்டு நடந்தேன். தெருமுனைவரை போக முடிந்தது. அதற்குமேல் கால் வரவில்லை. திரும்பிப் போய் உள்ளதைச் சொன்னேன். "இதுவும் கதையாடா?" என்றார். இல்லை என்றேன். ஒரு மூடியைத் தேடி எடுத்து அடுப்புப் பக்கத்தில் வைத்தார்.

தம்பி கேட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். அவன் மனைவிதான் வாளியை என் கையில் கொடுத்தாள். நான் பேசி முடித்து ஒருவர்கூடச் சிரிக்காதது இதுதான் முதல் தடவை.

உன் கை வெந்தது என்னால்தானம்மா. இதில் நான் எதையும் கூட்டவில்லை.

இன்னும் ஒரு வீடு பாக்கி, என் வீடு. நான் தீயணைப்புக்காரன் என்று நம்பித்தான் உன் அண்ணி இத்தனை வருஷமாக அக்கம்பக்கத்தில் தலை நிமிர்ந்து பேசுகிறாள். நேரில் சொல்ல வாய் வரவில்லை. இதை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நிற்கப் போகிறேன். அவள் படித்த பிறகு உறையை ஒட்டட்டும்.

அண்ணன்

படித்துவிட்டேன். வாளியைக் குளியலறையில் வைத்தாயிற்று. உன் கையைப் பார்க்க நாளைக்கு வருகிறேன். இவர் இன்னும் வாசலில்தான் நிற்கிறார்.

அண்ணி