பால்மாவு டப்பாத் தகரம்

செவ்வாய்க் கிரகம், தென்பள்ளம் குடியிருப்பு
மீட்பு லாரிக் குறிப்பு. எழுதுவது ஜெசிந்தா.

காலை 6.10
செபம் முடிந்தது. மீத்தேன் முக்கால் தொட்டி. என்ஜின் எண்ணெய் கோட்டளவு. உயிர்வாயு உருளை நான்கு. மாலையில் புயல் வருவதால் குடியிருப்பைக் காலி செய்கிறோம். மற்றவர்கள் நேற்றே விண்கப்பலில் ஏறிவிட்டார்கள். கடைசி பஸ்ஸில் ஆறு பேர், என் தங்கை பிலோமினாவும் அதில். இராணுவம் விட்டுப்போன இந்த மீட்பு லாரியில் பின்னால் நானும் என் வீட்டுக்காரர் ரொசாரியோவும். அவர் மெக்கானிக். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கற்றவள். மீதி கையேட்டைப் பார்த்து.

காலை 9.40
பஸ் மணற்குழியில் சரிந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. கதவு மணலுக்குள் இருப்பதால் வெளியே வர முடியாது. உள்ளே மாலை நான்கு வரை காற்று. லாரியின் இழுவை உருளையான வின்சின் கம்பியை பஸ்ஸில் நான் மாட்டினேன். அவர் லாரிக்கு அடியில் வெகுநேரம் படுத்திருந்தார். பிறகு, கப்பலில் பெரிய கப்பி இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று சாக்குப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு சிறு வண்டியில் போனார்.

காலை 11.25
அவர் வரவில்லை. நானே வின்சை ஓட்டிப் பார்த்தேன். என்ஜின் சக்தியை வின்சுக்குத் திருப்புகிற பெட்டியை இங்கே பி.டி.ஓ. என்போம். லிவரைப் போட்டதும் விளக்கு எரிந்தது. வின்சு அசையவில்லை.

ரேடியோவில் அவர்: "ஏட்டி ஜெசி, பதறாத. காத்து பாத்தியா? காத்து கம்மியா இருந்தா பி.டி.ஓ. முழுசா விழாது."

லாரியின் காற்றழுத்தம் சரியாக இருந்தது. சொன்னேன்.

"அப்ப எண்ணெயப் பாரு. வடிகட்டியக் கழத்தித் தொடச்சு மாட்டு."

பகல் 12.50
எண்ணெய் சரி. வடிகட்டி சுத்தம். விளக்கு எரிகிறது, வின்சு சுற்றவில்லை. அடித்தட்டைக் கழற்றவா என்று கேட்டேன்.

"அதத் தொடாத. அது சரியாத்தான் இருக்கு. வின்சுல பின்னு ஒடஞ்சிருக்கும், போய்ப் பாரு."

பின் உடையவில்லை. கம்பியைப் பூட்டி லாரியை முன்னால் ஓட்டி இழுத்தேன். சக்கரம் அச்சுவரை புதைந்தது. பஸ் ஒரு விரல்கூட நகரவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்து பிலோமினா கையசைத்தாள். நானும் அசைத்தேன். மாதாவே, நீயே துணை.

பகல் 2.15
அடித்தட்டைக் கழற்றினேன்.

பி.டி.ஓ.வையும் வின்சைச் சுற்றவைக்கும் பம்பையும் இணைக்கிற இரும்புத்தண்டு, ஷாஃப்ட், இல்லை. உடையவில்லை, விழவில்லை. கழற்றி எடுக்கப்பட்டிருக்கிறது. நான்கு போல்ட்டும் அதனதன் துளையிலேயே திரும்ப முடுக்கப்பட்டிருக்கின்றன. கழற்றிய போல்ட்டை வேறெங்கும் வைக்காத ஆளை எனக்குத் தெரியும். அந்த ஆளோடு பதினேழு வருடம் வாழ்ந்திருக்கிறேன்.

தட்டின் மூலையில் என் தகரத்துண்டு கிடந்தது. ஷாஃப்ட்டின் பற்கள் தேய்ந்து, பாரம் ஏறினால் வழுக்கிக்கொண்டிருந்தது. போன வருடம் அவர் காய்ச்சலில் கிடந்தபோது பால்மாவு டப்பாவை வெட்டி அதற்குள் செருகினேன். அன்று சொன்னதற்குச் சிரித்தார்: "டப்பாத் தகரத்துல இராணுவ வண்டியா? நல்லா ஓட்டுனட்டி!"

பகல் 2.30
ரேடியோவில் கேட்டேன். "ஷாஃப்ட் எங்கங்க?"

இரைச்சலுக்கு நடுவே அவர்:

"கப்பல்ல ஆள ஏத்துற தூக்கிக்கும் அதே அளவுட்டி. அங்க உள்ளது முறிஞ்சு போச்சுன்னு காலையிலயே ரேடியோவுல சொன்னாங்க. தூக்கி ஏறாம கதவு மூடாது. கேப்டன் புயலுக்கு முன்னாடி கெளம்பணுங்காரு."

"பின்ன எதுக்கு எண்ணெயப் பாரு, பின்னப் பாருன்னு என்னைய அலையவிட்டீங்க?"

"நீ சும்மா இருந்து அழுதுட்டு இருக்கக் கூடாதுன்னுதான். உனக்கு எடம் போட்டு வச்சிருக்கேன். நடந்தே வந்துரு."

"பிலோமி?"

ரேடியோவை அணைத்துவிட்டார்.

இன்று திட்டித்தான் செபித்தேன். மாதா தன் கணக்கில் அதையும் எழுதிக்கொள்ளட்டும்.

பகல் 2.55
அவரே கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது. "ஜெசி, தூக்கி பாதியில நிக்கி. பி.டி.ஓ. சத்தம் வருது, மேல ஏற மாட்டேங்கு."

"காத்து பாத்தீங்களா?"

"பாத்தாச்சு."

"எண்ணெய்?"

"பாத்தாச்சுட்டி."

"வடிகட்டியக் கழத்தித் தொடச்சு மாட்டுங்க."

பிறகு மெதுவாக: "அந்தத் தகரம்... எங்கட்டி?"

"எங்கிட்ட இருக்கு. ஷாஃப்ட்டக் கொண்டு வாங்க. பஸ்ஸ இழுத்ததும் எல்லாருமாப் போவோம். தூக்கியும் ஏறும்."

"அதுக்குள்ள புயல் வந்துரும். எப்படி வெட்டணும்னு மட்டும் சொல்லு."

சொல்லவில்லை.

பகல் 3.20
பஸ்ஸின் கூரையில் தட்டினேன். உள்ளிருந்து பதில் தட்டு வந்தது. முன்பைவிட மெதுவாக.

மேற்கே புழுதி. கப்பல் பக்கமிருந்து சிறு வண்டி வேகமாக வருகிறது. பின்னிருக்கையில் ஷாஃப்ட் இருக்கிறதா, இங்கிருந்து தெரியவில்லை. அவரோடு இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

இந்த லாரியில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் எங்கே இருக்கிறது என்று இந்தக் குறிப்பேட்டின் முன்பக்கங்களில் எழுதியிருக்கிறேன். தகரத்தை எங்கே வைத்தேன் என்பதை மட்டும் எழுதவில்லை. இதை முதலில் படிக்கப்போவது அவராகவும் இருக்கலாம்.