துண்டில்லாத வெள்ளிக்கிழமைக் குழம்பு

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த என் அருமைக் குருவம்மாவுக்கு,

முதலில் ஒரு திருத்தம். நான் வெள்ளிக்கிழமைகளில் ஆட்டுக்கறி சமைத்துச் சாப்பிட்டேன் என்று திருத்தங்கலில் நம் தெருவிலும் கோவில் வாசலிலும் பேசிக்கொள்கிறார்கள். நான் சாப்பிடவில்லை. அது உருளைக்கிழங்கும் கொண்டைக்கடலையும். என் வீட்டுக்காரர் இருந்த காலத்திலும் அதுதான், நான் ஒருத்தியாக உலை வைக்கிற இந்தக் காலத்திலும் அதுதான்.

இன்னொன்றும் பேசுகிறார்கள். கறித்துண்டுகளை எல்லாம் நாங்கள் சாப்பிட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்கு வெறும் குழம்பையும் கிழங்கையும் கொடுத்தனுப்பினோமாம். முதல் பேச்சு என் ஆத்துமத்தைப் பற்றியது, அதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். இரண்டாவது என் கையைப் பற்றியது. அதை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டுக்கும் காரணம் நீ. இறந்துபோனவர்களைக் குறை சொல்லக் கூடாது என்று கன்னியர் மடத்துப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு உன்னைத் தெரியாது.

இந்தக் கடிதம் எங்கள் வேதக்கோவிலின் பங்கு இதழில் வரப்போகிறது. வாசிக்கிறவர்களுக்கும் உன்னைத் தெரியாது. ஆகையால் உனக்குத் தெரிந்ததையே மறுபடியும் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள்.

வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சுத்தபோசனம், மாமிசம் கூடாது. என் வீட்டுக்காரர் அச்சாபீசில் போர்மேனாக இருந்தவர். வாரம் முழுக்கக் கீரையும் கத்தரிக்காயும் வைத்தாலும் வாய் திறக்க மாட்டார். வெள்ளிக்கிழமை பொழுது விடிந்ததும் அவருக்குக் கறி நினைப்பு வந்துவிடும். நாள் முழுக்கத் துக்க வீட்டுக்குப் போய்வந்தவர் மாதிரி முகத்தை வைத்திருப்பார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல்தான் நான் கறிக்கு அரைக்கிற மசாலாவைக் கிழங்குக்கும் கடலைக்கும் அரைத்தேன். விலக்கப்பட்டது ஆடுதான். மல்லி, மிளகு, சோம்பு, பட்டை, கசகசா எதுவும் விலக்கில்லை. அப்போதிருந்த சுவாமியாரிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே உத்தரவு கொடுத்தார்.

செய்முறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள். கிழங்கைத் தோலோடு முக்கால் பதம் அவித்து, உரித்து, பெரிய துண்டுகளாக நறுக்கி, நல்லெண்ணெயில் ஓரம் சிவக்கப் புரட்டி எடுக்க வேண்டும். சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு வதக்கி, அம்மியில் அரைத்த மசாலாவைப் பச்சை வாசம் போகும்வரை கிண்ட வேண்டும். வெந்த கடலையில் ஒரு கை எடுத்து நசுக்கிப் போட்டால் குழம்பு தானே இறுகும். தேங்காய் கடைசியில். அவசரப்படுகிறவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

ஆனால் நம் தெருக் கிணற்றுத் தண்ணீரில் கொண்டைக்கடலை வேகாது. விறகுதான் தீரும், கடலை கல்லாகவே கிடக்கும். அந்த உப்புத் தண்ணீரோடு நான் மல்லுக்கட்டுவதைச் சுவருக்கு மேலாக நீதான் பார்த்தாய். பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டிவிட்டுத் திரும்பும்போது, வியாழக்கிழமை சாயங்காலம் தோட்டத்துக் கிணற்றிலிருந்து ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து சுவர்மேல் வைத்தாய். அதில்தான் கடலையை ஊறப்போட்டேன், அதிலேயே வேகவைத்தேன். மறுநாள் குடம் உன் பக்கம் திரும்பி வந்தபோது கூடவே ஒரு தூக்குச்சட்டியில் குழம்பும் வந்தது. அணா போய் நயா பைசா வந்த வருடத்தில் தொடங்கிய வழக்கம். நாம் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொள்ளவில்லை.

பேசி வைத்திருக்க வேண்டும். இப்போது தெரிகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை உன் அத்தை, உன் வீட்டுக்காரரைப் பெற்றவர், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். "டீச்சரம்மா! இன்னைக்கு நல்ல எளங்கெடா போல. மணம் தூக்குது!" நான் கரண்டியோடு வெளியே வந்தேன். நீ அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்தாய். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நான் வைத்துக் காட்டுகிற அதே விரல். என் வாழ்க்கையில் என்னை அப்படி அடக்கியவள் நீ ஒருத்திதான்.

மறுநாள் காலையில் நீயே வந்தாய்.

"அவங்ககிட்ட என்னடி சொல்லி வச்சிருக்க?"

"கறின்னு சொல்லிட்டேன் டீச்சரம்மா. கோவிச்சுக்கிடாதீக."

"எது கறி?"

"நீங்க குடுத்ததுதான்."

"வெள்ளிக்கிழமையில என் வீட்டுல கறியா? ஏண்டி, உங்க வீட்டுலகூட வெள்ளிக்கிழமை பாப்பீங்களே?"

"எங்க சாமி கெடா கேக்குற சாமி. அது வெள்ளி செவ்வா பாக்காது."

"சரி, துண்டு எங்கேன்னு கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாக. துண்டெல்லாம் டீச்சரம்மா வீட்டய்யாவுக்கு, நமக்குக் கெழங்கும் கடலையும் கொழம்பும்னு சொன்னேன்."

"அடி பாவி! நாங்க துண்டைத் தின்னுட்டு ஊருக்குக் கிழங்கு குடுக்கிறோமா?"

"அப்படிச் சொன்னாத்தான நம்புவாக." நீ சிரித்தாய். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாய். "எம் மகன் ஊர்ல இருந்தா கறி எடுப்பான், இவ கையில தொட்டுக்கிட வெஞ்சனத்துக்கே வழியில்லன்னு நெதமும் ஏச்சு. நேத்துத்தான் டீச்சரம்மா மொதவாட்டி, நல்லா இரு ஆத்தான்னு சொன்னாக. இந்த ஒரு வாரம் விட்டுருங்க. பெறகு நானே சொல்லிர்றேன்."

உன் வீட்டுக்காரர் லாரியோடு போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார் என்பது எனக்குத் தெரியும். உன் அத்தையின் ஏச்சும் சுவர் தாண்டி என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆகையால் ஒரு வாரம் என்று ஒப்புக்கொண்டேன். அந்த ஒரு வாரம் எத்தனை தீபாவளி சீசனைத் தாண்டியது? ஒவ்வொரு முறை கேட்டபோதும் "பெறகு, பெறகு" என்றாய். போன வருடம் சீசன் முடிந்த கையோடு காமாலையில் படுத்தாய், படுத்தவள் எழுந்திருக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்தாய்.

போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு "வெள்ளிக்கெழம மறந்துராதீக" என்று மட்டும் சொன்னாய். நான் எதையும் மறக்கிறவளா?

நீ போன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை கடலை வேகவில்லை. இப்போது வண்டித் தண்ணீர் வாங்குகிறேன். நல்ல தண்ணீர் என்று சொல்லித்தான் வண்டிக்காரன் ஊற்றுகிறான். அவன் சொல்கிற நல்ல தண்ணீர் பாதி நாள் உப்புக் கரிக்கிறது. இருந்தாலும் தூக்குச்சட்டி ஒரு வாரமும் தவறவில்லை. உன் அத்தை இப்போது நம் பக்கத்துச் சுவரோரமாகக் கட்டிலைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். காலில் ஆறாத புண். கண் முன்னைவிட மங்கல். நாக்கு மங்கவில்லை.

அந்தப் புண்ணுக்குக் கட்டுப் போட வருகிறவள் பிலோமினா, தர்ம ஆஸ்பத்திரியில் நர்சு, எங்கள் பெண்கள் சபையில் இருக்கிறவள். அவளிடம் உன் அத்தை ஒரு வெள்ளிக்கிழமை, "சீக்கிரம் கட்டிவிடு தாயி, டீச்சரம்மா வீட்டுக் கறிக்கொழம்பு வர்ற நேரம். துண்டு போட மாட்டாக, ஆனா கை மணம் இருக்கே!" என்று சொல்லியிருக்கிறார். புகழ்ந்துதான் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சபை கூடியது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வெள்ளிக்கிழமை உங்க வீட்டுல என்ன கொழம்பு?" என்றாள் பிலோமினா.

"உருளைக்கிழங்கு, கொண்டைக்கடலை."

"தெருவே கறியா மணக்குதுங்கிறாங்களே?"

"மசாலா அரைக்கத் தெரிஞ்சா மணக்கும்."

இந்தப் பதில் எனக்கு நன்மை செய்யவில்லை. பிலோமினா கடலையில் சோடா உப்பைப் போட்டுக் கூழாக்குகிறவள் என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவள் முகம் சிவந்துபோய், "அப்போ அந்தப் பெரியம்மா பொய் சொல்றாங்களா?" என்று கேட்டாள். நான் பேசாமல் இருந்தேன். நான் பேசாமல் இருந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அதையே அவர்கள் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

விஷயம் இப்போதிருக்கிற சுவாமியாரிடம் போனது. புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு நான்தான் வகுப்பு எடுக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஓய்வு கொடுத்த பிறகும், என் வீட்டுக்காரர் போன பிறகும், எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். சுத்தபோசனத்தைச் சொல்லிக் கொடுக்கிறவளே வெள்ளிக்கிழமை கறி தின்றால் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்ளும் என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான், நான் தின்றிருந்தால். வகுப்பை இப்போதைக்குப் பிலோமினாவின் தங்கையிடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண் செபத்தில் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் சொல்கிறது.

சுவாமியார் நல்லவர். "டீச்சர், அந்தப் பெரியம்மாகிட்டயே உண்மையைச் சொல்லிடுங்க. அவங்க சபையில ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எல்லாம் முடிஞ்சிடும்" என்றார்.

சனிக்கிழமை காலை உன் வீட்டுக்குப் போனேன். 'பெரியம்மா, அது கறி இல்லை, கடலை.' சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வாசல்படி ஏறும்போதே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். உன் அத்தையின் கட்டிலருகே எதிர்வீட்டுப் பெண் உட்கார்ந்து தீப்பெட்டிக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சரம்மா. நேத்துக் கொழம்புல உப்பு ஒரு கல்லு கூட," என்றார் உன் அத்தை.

என் குழம்பில் உப்பைப் பற்றி என் வீட்டுக்காரரே பேசியதில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"எம் மருமவள நான் கொஞ்சமா ஏசியிருக்கேன்? வாயத் தொறந்து ஒரு வார்த்த எதுத்துப் பேசினவ இல்ல. வாரத்துக்கு ஒருக்கா எனக்குக் கறி தப்ப விடல. போறப்பவும் டீச்சரம்மாட்டச் சொல்லிட்டுப் போயிருக்கா பாரு. எவ செய்வா? ஒம் மருமவ செய்வாளா?"

எதிர்வீட்டுப் பெண் தலையை நிமிர்த்தாமல், "எனக்கு மருமகளே வரல, அதுக்குள்ள ஏசுறீகளே," என்றாள். உன் அத்தை சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன சொல்ல வந்தீக தாயி?" என்று என்னைக் கேட்டார்.

"அடுத்த வாரம் உப்பைக் குறைக்கிறேன்," என்றேன்.

வீடு வந்து சேரும்வரை உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். நீ உயிரோடு இருந்த நாளில் உன்னை ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர், இப்போது தெருவைக் கூட்டிவைத்து உன் பெருமை பேசுகிறார். அந்தப் பெருமை முழுவதும் என் கடலைச் சட்டியின் மேல் நிற்கிறது. அதை நான் எந்தக் கையால் தட்டிவிடுவேன்? என்னிடம் கேட்காமல் இப்படி ஒரு காவல் வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போக உனக்கு எப்படி மனம் வந்தது?

ஒரு சனிக்கிழமை நிஜமாகவே கறி எடுத்துச் சமைத்து அனுப்பிவிடலாமா என்றும் யோசித்தேன். வேண்டாம். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் அதை வாயில் வைத்ததும் இது என்ன கறியில்லாத ருசி என்று கேட்பார்.

ஆகையால் பங்கு மக்களுக்கு இதைச் சொல்கிறேன். சந்தேகம் இருக்கிறவர்கள் எந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமும் என் வீட்டுக்கு வரலாம். நானே சட்டியைத் திறந்து காட்டுகிறேன், கரண்டியையும் கையில் தருகிறேன். ஆனால் அந்தப் பெரியம்மாவுக்கு எழுத்து தெரியாது, யாரும் இதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். பிலோமினாவுக்குத் தனியாக ஒரு வார்த்தை: நீ கட்டுப் போடுகிற கை சுத்தமான கை, அதை நான் எங்கேயும் சொல்வேன். அந்தக் கட்டிலருகே போகும்போது வாயை மட்டும் என் பொருட்டு அடக்கிக்கொள்.

இதுவரை எழுதியதைச் சுவாமியாரிடம் கொடுத்தபோது, வாசித்துவிட்டு, "அப்போ அந்தப் பொய் அப்படியே இருக்கட்டுமா டீச்சர்?" என்று கேட்டார். அது குருவம்மா சொன்ன பொய், நான் உப்பைப் பற்றி மட்டும்தான் பேசினேன் என்றேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். அச்சுக்குக் கொடுக்கிறேன் என்றார். வகுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திரும்பக் கிடைக்குமா கிடைக்காதா, எனக்குத் தெரியாது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், குருவம்மா. எனக்கு அம்மியில் குனிந்து அரைக்கத் தெம்பு இருக்கும்வரை வெள்ளிக்கிழமை தூக்குச்சட்டி சுவர் தாண்டி வரும். வகுப்பு கிடைத்தாலும் வரும், கிடைக்காவிட்டாலும் வரும். உப்பு ஒரு கல் குறைவாக இருக்கும்.

ஆனால் நானே சொல்லிர்றேன் என்றவள் நீ. உன் அத்தையும் ஒருநாள் உன்னிடம்தான் வந்து சேரப்போகிறார். அதற்குள் நான் சொல்லிவிட வேண்டுமா, வந்த பிறகு நீயே சொல்லிக்கொள்கிறாயா? எது என்று எனக்குத் தெரிய வேண்டும். வாயால் சொல்லி அனுப்பாதே, உன் வாய்ச்சொல்லை நம்பி நான் பட்டது போதும். தயவுசெய்து எழுத்தில் பதில் போடு.

நீ ஒருநாளும் அப்படிக் கூப்பிடாத
உன் அக்கா,
செசீலி டீச்சர்