மழை பூஜ்யம்

4 அக்டோபர் 1999

புரோகிராம் அடிக்கும் எடிட்டரில் பைத்தான் மொழிக்கான துணைக்கோப்புகளை நானே போட்டுவிட்டேன். சென்டரின் முதல் கம்ப்யூட்டரில் மட்டும். அதற்கே பாதி நாள் போயிற்று. இப்போது ஒவ்வொரு சொல்லும் தனி நிறத்தில் வருகிறது. வரியை உள்ளே தள்ளும் டேப் கீயைத் தட்டினால் எட்டு இடம் ஓடியது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவளுக்கு அது பொறுக்குமா? நான்காகத் தெரியும்படி மாற்றினேன். சரஸ்வதி எட்டிப் பார்த்து, "நொம்ப நல்லா இருக்குதுங்க அக்கா" என்றாள். மற்றப் பிள்ளைகளுக்கு நான் டீச்சர். அவளுக்கு மட்டும் அக்கா.

8 அக்டோபர்

சரஸ்வதி எஸ்டேட்டுக்காக மழைக் கணக்குப் புரோகிராம் எழுதிவிட்டாள். தினசரி மழையைக் கூட்டும்; அளக்காத நாள் வந்தால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் காளியண்ணன் பதினாறாம் தேதி பார்க்க வருகிறார். சரியாக ஓடினால் அவளுக்கு ஆபீசில் வேலை. டேப் அவளுக்குப் பழகவில்லை. ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டித்தான் வரியை உள்ளே தள்ளுகிறாள்.

15 அக்டோபர்

அவள் போன பிறகு புரோகிராமைத் திறந்தேன். கூட்டல் வரி நீளமாக இருந்தது. அழித்து, டேப் தட்டி, சுருக்கமாக அடித்தேன். எல்லா வரியும் ஒரே நேராக நின்றன. சேவ் செய்தேன்; ஓட்டிப் பார்ப்பதற்குள் கரண்ட் போய்விட்டது.

16 அக்டோபர்

மானம் போயிற்று. காளியண்ணன் முன்னால் ஓட்டினால், போன மாத மழை மொத்தம் — பூஜ்யம்.

"ஏனுங்க டீச்சர், நாங்க நனைஞ்சதெல்லாம் கனவுங்களா?" என்றார் காளியண்ணன். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. சரஸ்வதியைப் பார்த்து, "கவனமில்லாதவளுக்கு எதுக்குப் புள்ள கம்ப்யூட்டரு? ஊட்டுல போயி சோறாக்கு" என்றேன். எல்லார் முன்னாலும்.

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

19 அக்டோபர்

இரண்டாவது கம்ப்யூட்டரில் அந்தப் புரோகிராமைத் திறந்தேன். அதில் என் ஏற்பாடு எதுவும் இல்லை. கூட்டல் வரி மட்டும் நான்கு இடம் கூடுதலாக உள்ளே தள்ளி நின்றது. என் வரி.

நான் மாற்றியது கண்ணுக்குத் தெரியும் அகலத்தை மட்டும்தான். பைத்தான் டேப்பை எட்டாகவே எண்ணியிருக்கிறது. வரி எவ்வளவு உள்ளே நிற்கிறது என்பதை வைத்துத்தான் எது எதற்குள் அடங்கும் என்று அது முடிவு செய்யும். அதனால் கூட்டல், 'அளக்காத நாள்' என்ற நிபந்தனைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அளக்காத நாட்களின் பூஜ்யங்களை மட்டும் கூட்டினால் வேறு என்ன வரும்?

அவள் எழுதியது சரியாக இருந்தது. கெடுத்தது நான். திட்டியதும் நான். சீ.

20 அக்டோபர்

அவள் வரவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

24 அக்டோபர், ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து அவள் ஊரான கொட்டச்சேட்டுக்கு பஸ் ஏறினேன். சரஸ்வதி சமையல்கட்டில் இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அழுகை வந்தது, அவளுக்கு அல்ல, எனக்கு. அவள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுத் திரும்பினாள்.

"திட்டுறப்ப அத்தன பேரு இருந்தாங்க. இப்ப நீங்களும் நானுந்தானுங்களே இருக்கறோம்."

காபி கொடுத்தாள். குடித்தேன். எப்படித்தான் குடித்தேனோ.

30 அக்டோபர்

காளியண்ணனையும் சரஸ்வதியையும் சென்டருக்கு வரச் சொல்லியிருந்தேன். பிள்ளைகளும் இருந்தார்கள். சரஸ்வதி வாசலருகே நின்றாள், செருப்பைக் கழற்றாமல். "போன தடவை தப்பு செய்தது நான். சரஸ்வதியின் புரோகிராமில் கை வைத்தது நான்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை; சிரித்திருந்தால் தேவலை. அந்த வரியை எல்லார் கண்முன்னும் அழித்து, ஸ்பேஸ் பாரால் தள்ளி அடித்து, ஓட்டினேன். திரையில் மழை வந்தது.

காளியண்ணன் அவளிடம், "திங்கக்கெழம ஆபீசுக்கு வா கண்ணு" என்றார்.

26 நவம்பர்

சரஸ்வதி இன்று சென்டருக்கு வந்தாள். எஸ்டேட் கம்ப்யூட்டரிலும் பைத்தான் நிறங்கள் வேண்டுமாம். துணைக்கோப்புகளை ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்தேன். டேப் மாற்றியதை நீக்கிவிட்டேன் என்றும் சொன்னேன். ஃபிளாப்பியைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். வேலை பிடித்திருக்கிறதாம். சிரித்த முகமாகத்தான் பேசினாள்.

"அப்ப நான் வர்றேனுங்க, டீச்சர்" என்றாள்.