தவறி வாசித்த ஓலை

வெள்ளி, 25 டிசம்பர் 1936. வேலூர்.

இன்று முதல் திங்கள் வரை பத்திரிகை வெளிவராது. ஆதாரம்: சென்னை மானேஜரின் கடிதம், நேற்று மாலைத் தபாலில் வந்தது. நான்கு நாளும் தந்தி கொடுக்க வேண்டாம் என்பதை அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார். நிருபர் வேலைக்கு வந்து இருபத்துநான்கு வருடம் ஆகிறது. இப்படி ஒரு கடிதம் இதுவே முதல்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்து தேவசகாயம் வீட்டில் சாப்பாடு. அவன் என் பள்ளித் தோழன். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் மேஸ்திரி. பண்டிகைக்காக அவன் தங்கை சவுரியம்மாள் ஆம்பூரிலிருந்து வந்திருக்கிறாள். அங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கணவர் இறந்து ஒன்பது வருடம். பிள்ளைகள் இல்லை. எனக்கும் இல்லை.

எங்கள் இருவரையும் சேர்த்து வைக்கலாமா என்று தேவசகாயம் அக்டோபரிலேயே இரண்டு பக்கமும் கேட்டான். நான் சம்மதித்தேன். அவள் சொன்ன பதில்: "ஆளோட நாலு வார்த்தை பேசாம நான் இன்னாத்தச் சொல்றது?" அதற்காகத்தான் நாளை மூன்று பேரும் ஊர் சுற்றப் போகிறோம். நாற்பத்தேழு வயதில் சட்டைக்கு இஸ்திரி போடக் கொடுத்திருக்கிறேன்.

எதையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம். தேர்தலோ தீர்ப்போ, பேர், ஊர், தேதி எல்லாம் எழுதி, முடிவு வரும்வரை நிறுத்தி வைப்பேன். பூசையில் வாசிக்கும் கல்யாண ஓலையையும் அப்படியே எழுதினேன். இன்னார் மகன் ஆரோக்கியசாமிக்கும் இன்னார் மகள் சவுரியம்மாளுக்கும் என்று. அவள் தகப்பனார் பெயர் சின்னப்பனா சின்னசாமியா என்பதில் சந்தேகம். ஞானஸ்நானப் பதிவேட்டில் சரிபார்க்கச் சொல்லி கோவில் உபதேசியாரிடம் கொடுத்தேன். அவசரமில்லை என்றும் சொன்னேன்.

சனி, 26.

காலை எட்டு மணிக்குக் கோட்டை வாசல். அகழியில் தண்ணீர் தளும்ப நிற்கிறது. மதில்மேல் ஒரு சுற்று நடந்தோம். இருபத்துநான்கு வருடமாக இந்தக் கோட்டைக்குள் இருக்கும் ஆபீஸ்களுக்கு வந்துகொண்டிருக்கிறேன். மதில்மேல் ஏறியது இன்றுதான். அதைச் சொன்னபோது சவுரியம்மாள் கேட்டாள்.

"மேல ஏறினா செய்தி கிடைக்காதா?"

"காற்றுதான் கிடைக்கும், டீச்சர்."

"அது போதாதா?"

உள்ளே சாமியில்லாத கோவிலின் கல்மண்டபத்தைப் பார்த்தோம். தூணில் இருக்கும் யாளி ஒவ்வொன்றின் வாயிலும் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு தேவசகாயம் வெயில் ஜாஸ்தி என்று அகழிக் கரைப் புளியமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டான். காவலுக்கு வந்தவன் குறட்டை விட்டான். நிஜக் குறட்டை இல்லை என்பது என் கணிப்பு.

அவன் எழுந்ததும் லாங்கு பஜார் போனோம். அங்கே ஜியாவுல்லா சாயபு எதிரே வந்தார். ஆம்பூர்த் தோல் வியாபாரி. எனக்குப் பத்து வருடப் பழக்கம். "இன்னா சாமி, பேப்பரு லீவா? எப்பவும் பேஜாரா ஓடினு இருப்பீங்க, இன்னிக்கு நடக்குறீங்களே!" என்றார். பின்னால் நின்றவளைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது. "அடடே, நம்ம டீச்சரம்மா. எம் பொண்ணு கணக்குல தேறினதே இவங்களாலதான்." எங்கள் மூவருக்கும் சர்பத் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

மூன்று மணிக்குப் பாலாற்று மணலில் உட்கார்ந்தோம். நடுவில் மட்டும் தண்ணீர் ஓடுகிறது. தேவசகாயம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் போனான். அவள் மணலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உங்க வீட்டம்மா போனப்ப எங்க இருந்தீங்க?"

நான்கு வருடமாக யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. சொன்னேன். 1932 ஆகஸ்ட் 9. திருப்பத்தூர்க் கோர்ட்டில் ஒரு கொலை வழக்கு. முந்தின நாளே மனைவிக்கு ஜுரம் என்று தெரியும். தீர்ப்பு நாலரைக்கு வந்தது. தந்தி கொடுத்த பிறகுதான் ரயிலுக்குப் போனேன். தந்தி கொடுக்காமல் ஓடியிருந்தால் முந்தின வண்டி கிடைத்திருக்கும். உயிரோடு பார்த்திருக்கலாம்.

 அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "மறைக்காம சொன்னீங்களே" என்றாள். பிறகு: "நான் பள்ளிக்கூடத்த விட்டு வரமாட்டேன். ஒன்பது வருஷமா என்னை விழாம நிறுத்தி வச்சது அதுதான். நீங்க ஆம்பூருக்கு வர்றீங்களா?"

ஆபீஸைக் கேட்க வேண்டும் என்றேன்.

"கேளுங்க" என்றாள். எழுந்து மணலைத் தட்டிக்கொண்டாள். வீடு வரும்வரை அண்ணனோடுதான் பேசிக்கொண்டு வந்தாள்.

இரவு. ஏன் உடனே சொல்லவில்லை? வேலூரை விட்டால் ஜில்லாக் கோர்ட்டு போய்விடும், கலெக்டர் ஆபீஸ் போய்விடும். அதெல்லாம் நியாயம்தான். ஆனால் இதே நியாயத்தோடுதானே அன்றைக்கும் திருப்பத்தூரில் உட்கார்ந்திருந்தேன்?

ஞாயிறு, 27.

உறுதியாகாத செய்தி வெளியாகிவிட்டது.

எட்டு மணிப் பூசை. பிரசங்கம் முடிந்ததும் சாமியார் ஒரு தாளை எடுத்தார். என் கையெழுத்து! ஐந்தாவது வரிசையிலிருந்தே தெரிந்தது. "முதல் ஓலை" என்று ஆரம்பித்து என் பெயர், அவள் பெயர், தகப்பன்மார் பெயர், தடை இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்பது வரை நிறுத்தி வாசித்தார். இதேபோல் மூன்று ஞாயிறு வாசித்த பிறகுதான் கல்யாணம். ஓலை வாசிக்கிற பூசைக்குப் பெண்ணும் பிள்ளையும் வருவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நாங்கள் இருவருமே உட்கார்ந்திருந்தோம். பெண்கள் பக்கம் முதலில் சிரிப்பு, பிறகு இங்கேயும். அவள் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

உபதேசியாரைப் பிடித்துக் கேட்டேன். "சரிபார்க்கத்தானே கொடுத்தேன்?"

"பார்த்தேன் சார். சின்னப்பன்தான். நீங்க எழுதினது சரியா இருந்திச்சி. அதான் சாமியார்கிட்ட குடுத்தேன். தப்பா இருந்தா குடுத்திருப்பேனா?"

தப்பு அவருடையது இல்லை. எழுதியது நான்.

அடுத்த ஞாயிறு வாபஸ் வாங்கிவிடலாம் என்றார் சாமியார். எனக்கு அது எளிது. நாலு பேர் கேலி செய்வார்கள், அவ்வளவுதான். அவளுக்கு? ஓலை வாசித்து வாபஸான விதவை என்று ஆம்பூர்ப் பள்ளிக்கூடம்வரை பேச்சு போகும். பெரிய மனுஷிகள் காரணம் விசாரிப்பார்கள்.

தேவசகாயம் வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மறுப்பு போட்டுவிடலாம், டீச்சர். தப்பு என்னுடையது என்றே வாசிக்கச் சொல்கிறேன்."

"மறுப்ப யாரு கேக்கப் போறாங்க? மொதல்ல வந்ததுதான் ஞாபகம் இருக்கும். உங்களுக்குத் தெரியாததா?"

"கோபமா?"

"இல்லாம? கேக்காம எழுதினீங்க. பூசையில மானம் போச்சி. அதக்கூட விடுங்க." முறத்தைக் கீழே வைத்தாள். "நேத்து ஆத்துல ஒண்ணு கேட்டேன். பதில் சொல்லாம வீட்டுக்குப் போய்ட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் ராத்திரியெல்லாம் கோபம்."

"ஆம்பூருக்கு வர்றேன்" என்றேன்.

"ஆபீஸக் கேட்டாச்சா? இன்னிக்கு அவங்களுக்கும் லீவாச்சே."

"கேட்கப் போவதில்லை. எழுதிச் சொல்லிவிடுவேன்."

"முடியாதுன்னுட்டா?"

"ஆம்பூரில் உட்கார்ந்து வேறு பத்திரிகைக்கு எழுதுவேன்."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று இந்த ஒரு தடவை கடிகாரம் பார்க்கவில்லை. பிறகு தேவசகாயம் கதவோரம் தலையை நீட்டினான். "மாப்ளே, செருப்பக் கழட்டுய்யா. சாப்பிட்டுத்தான் போகணுமாம். எனக்கு ஒண்ணும் தெரியாது, அது சொல்லுது."

சாயங்காலம் மூவரும் டாக்கி பார்க்கப் போனோம். கதை நினைவில்லை.

திங்கள், 28.

பகல் வண்டிக்குக் காட்பாடியில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக, "வர்றேன்" என்றாள். திரும்பும்போது தபாலில் போட்டது: "ஜனவரி முடிவில் நான் ஆம்பூரில் குடியேறுகிறேன். அங்கிருந்து வாணியம்பாடி, பேரணாம்பட்டு, திருப்பத்தூர் செய்திகள் தாமதமின்றிக் கிடைக்கும். வேலூருக்கு வாரம் இருமுறை வருவேன். தங்கள் தகவலுக்கு." தயவுசெய்து என்ற சொல்லை எழுதி அடித்தேன்.

வியாழன், 31.

ஆம்பூரிலிருந்து கார்டு. டீச்சர் கையெழுத்து, வரி கோணாமல்:

"ஜியாவுல்லா சாயபு இருக்கும் தெருவில் ஒரு வீடு காலியாக உள்ளது. இரண்டு அறை. எழுத வெளிச்சமான ஜன்னல் ஒன்று இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் உப்பில்லை. இரண்டு நாள், காலையும் மாலையும், நானே குடித்துப் பார்த்தேன். வந்து பார்த்துவிட்டு உங்கள் அபிப்பிராயம் சொல்லவும்."

தோல் ஷாப்புகளை ஒட்டிய அந்தத் தெருக்களில் உப்பேறாத கிணறு அபூர்வம். ஒருவர் சொன்னதை நம்பாமல் நான்கு முறை குடித்துப் பார்த்திருக்கிறாள். என் இருபத்துநான்கு வருடத்தில் இவ்வளவு நல்ல நிருபரை நான் சந்தித்ததில்லை.

சென்னையிலிருந்து பதில் இல்லை. சனிக்கிழமைத் தபாலில் எதிர்பார்க்கிறேன். ஆனால் அன்று தபால் வரும் நேரத்தில் நான் ஆம்பூரில் இருப்பேன். இரண்டாவது ஓலை ஞாயிறு, மூன்றாவது பத்தாம் தேதி.