பலகையில் இன்னொரு எழுத்து

காசிமேட்டுக்கு மீன் எடுக்கக் கிளம்பிய ஸ்டெல்லா, தூங்கிக்கொண்டிருந்த கணவன் லூயிஸை எழுப்பவில்லை. நேற்றைய சண்டை இன்னும் ஆறவில்லை. மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் அழுத்தி எழுதினாள்.

"ஜூடி அப்பா, ஆப்பம் டப்பாவுல கீது. கடை போர்டு எழுதப் பெயிண்டர் பத்து மணிக்கு வர்றாரு. கடை சாவி மாதா படத்துக்குப் பின்னால கீது.

உன் பேரு எஸ்ல முடியிதுன்னு, 'உன்னோட கடை'ன்னு காட்ட இங்கிலீஷ் போர்டுல எஸ்ஸுக்கு மேல கமா போட்டு நிறுத்துறதா, இன்னொரு எஸ் சேக்குறதான்னு மூணு நாளா வூட்டையே ரெண்டாக்கிட்ட. ரெண்டும் சரிதான்னு நம்ம ஜூடியே சொல்லிட்டா. எனுக்கு அது பிரச்சன இல்லய்யா. வறுவல் கடைக்கு மீன் எடுக்குறது நானு, கழுவுறது நானு, மசாலா அரைக்கிறது நானு. ஒரு எஸ்ஸுக்கு எடம் கீதான்னு டேப்பு வெச்சு அளந்தியே, என் பேருக்கு எடம் கீதான்னு ஒரு வாட்டி கேட்டியா?

இன்னிக்கு மசாலா அரைக்கல. போர்டப் பாத்துட்டுதான் மிக்சியத் தொடுவேன்."

தாள் முடிந்துவிட்டது. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்: "பிரஷர் மாத்திரைய வெறும் வயித்துல போட்டுத் தொலைக்காத."

அடியில் வழக்கம்போல 'ஜூடி அம்மா' என்று எழுதினாள். அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதை அடித்துவிட்டு, பெயிண்டர் பார்த்து எழுதத் தோதாக, ஒவ்வொரு எழுத்தாகப் பெரிதாக எழுதினாள்: ஸ்டெல்லா.